மேலிருந்து வெட்டவா, கீழிருந்து தூக்கவா? பேஸ்போல் பழகும் சின்னப் பிள்ளைகளின் மட்டைவீச்சு

கேள்வி – 2024 மே 17

அண்ணா, நான் திருகோணமலையில் பாலையூற்றுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பாடம் எடுக்கிறேன். பத்து, பதினொரு வயதில் பதினாறு பிள்ளைகள் பேஸ்போல் பழக வருகிறார்கள். எல்லாரும் கிரிக்கெட் ஆடி வந்தவர்கள். ஒரு பயிற்சிப் பட்டறையில் எனக்குச் சொல்லித் தந்தது இது: "மட்டை தோளிலிருந்து பந்துக்கு மேலிருந்து கீழே வெட்டிக்கொண்டு வரவேண்டும்." அதையே பிள்ளைகளுக்குச் சொன்னேன். அடிக்கிற பந்தெல்லாம் நிலத்தில் உருளுகிறது. காணொளிகளில் பெரிய ஆட்டக்காரர்கள் கீழிருந்து மேலே தூக்குகிற மாதிரித் தெரிகிறது. எதைச் சொல்லிக்கொடுப்பது?

2024 மே 18, காலை

வெட்டச் சொல்லாதீர்கள் தம்பி. பந்து உருளுவது பிள்ளைகளின் பிழை இல்லை. நீங்கள் சொன்னதை அவர்கள் அப்படியே செய்கிறார்கள்.

பந்து வரும் வழியை முதலில் பாருங்கள். பெரியவர்களின் ஆட்டத்தில் பிட்சர், அதாவது பந்து எறிபவர், நிற்கும் மேடு 10 அங்குல உயரம். அதில் நின்று கையை உயர்த்தி எறிகிறார். அடிப்பவருக்கு முன்னே நிலத்தில் பதித்த தட்டுத்தான் பிளேட். பந்து அங்கே வந்து சேரும்போது அடிப்பவரின் தொடையளவு உயரத்தில் இருக்கிறது. ஆகவே எவ்வளவு வேகமாக எறிந்தாலும் பந்து இறங்கிக்கொண்டுதான் வரும். வேகப்பந்தில் அந்தச் சரிவு ஐந்தாறு பாகை. 1941 இல் .406 சராசரி (ஆயிரம் முறைக்கு 406 வெற்றியான அடி என்ற கணக்கு) எடுத்த அமெரிக்க ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸ் இதைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்: பந்து சரிந்து வருகிறது, மட்டை அந்தச் சரிவுக்கு எதிரே கொஞ்சம் ஏறிப் போகவேண்டும்.

சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தில் சரிவு இன்னும் கூட. லிட்டில் லீக் என்ற சிறுவர் ஆட்டத்தின் அளவில் எறிதூரம் 46 அடி. மணிக்கு 45 மைல் வேகத்தில் ஒரு பிள்ளை எறிந்தால் பந்து வந்து சேர ஏறத்தாழ 0.7 செக்கன் எடுக்கும். அவ்வளவு நேரம் காற்றில் நிற்க வேண்டுமென்றால் பந்தைச் சற்று மேல்நோக்கித்தான் எறியவேண்டும். ஏறிய பந்து இறங்கத்தானே வேண்டும். காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், பிளேட்டில் சரிவு 12 பாகை அளவில் வந்தது. பெரியவர்களின் வேகப்பந்தின் சரிவைப்போல இரண்டு மடங்கு.

அந்தப் பந்துக்கு மட்டையும் மேலிருந்து இறங்கினால் இரண்டு பாதையும் ஒரே ஒரு புள்ளியில் குறுக்கே வெட்டும். அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும் காற்றைத்தான் அடிப்போம். பந்து வந்த கோட்டிலேயே மட்டை எதிர்த்துப் போனால், ஒரு சாண் நீளத்துக்கு எங்கே சந்தித்தாலும் பந்து மட்டையில் படும். நேரம் தப்புகிற சின்னப் பிள்ளைக்கு அந்த ஒரு சாண் பெரிய உதவி.

2024 மே 18, இரவு

காலையில் எழுதியதில் ஒரு சொல் திருத்தவேண்டும். "அரை நொடி முந்தினாலும்" என்று எழுதிவிட்டேன். பந்து வருவதற்கே 0.7 செக்கன்தான், அரை நொடி பிந்தினால் பந்து பிடிப்பவரின் கையுறைக்குள் போயிருக்கும். கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைந்ததைச் சொல்ல வந்தேன்.

பிள்ளைகள் கிரிக்கெட் ஆடி வந்தவர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். என்னிடம் வந்தவர்களில் கண்டது இவை.

பிடி. கிரிக்கெட் துடுப்பை உள்ளங்கையில் புதைத்துப் பிடிப்பார்கள். பேஸ்போல் மட்டையை விரல்களில் பிடிக்கவேண்டும், கதவு தட்டுகிற மூட்டுகள் இரண்டு கையிலும் ஒரு வரிசையாக நிற்கவேண்டும். "கதவு தட்டுற மூட்டெல்லாம் கியூவிலை நிக்குதா?" என்று கேட்டால் தாங்களே பார்த்துத் திருத்திக்கொள்வார்கள்.

முன்கால். கிரிக்கெட்டில் முன்காலைப் பந்தை நோக்கி நீட்டி முழங்காலை மடித்து, தலையைப் பந்துக்கு மேலே கொண்டுபோகப் பழக்குகிறோம். இங்கே முன்முழங்கால் கடைசியில் நிமிர்ந்து நிற்கவேண்டும். உடம்பு சுழல ஒரு கதவுநிலை தேவை, முன்கால்தான் அந்த நிலை. தலை முன்னே போகக்கூடாது. மூன்று வருடம் கிரிக்கெட் பழகிய பிள்ளைக்கு இதை மாற்ற இரண்டு மாதம் எடுக்கிறது. அவசரப்படுத்தினால் இரண்டு ஆட்டமும் கெடும்.

ஓட்டம். அடித்ததும் மட்டையைக் கையோடு கொண்டு ஓடுவார்கள். கிரிக்கெட்டில் கோட்டுக்குள் துடுப்பை நீட்டிப் பழகிய கை அது. மட்டையைக் கீழே விடச் சொன்னால் எறிந்துவிடுவார்கள், அது இன்னும் ஆபத்து. நான் பிளேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய சாக்கை விரித்துவைத்து, அடித்தபின் மட்டை சாக்கில் கிடந்தால்தான் ஓட்டம் செல்லும் என்று வைத்திருக்கிறேன். இரண்டாவது நாளே பழகிவிட்டார்கள்.

2024 மே 26

நேற்றுப் பின்னேரம் மட்டிக்களிப் பக்கம் போயிருந்தேன். களப்பில் முழங்கால் ஆழத்தில் நின்று ஒருவர் வீச்சுவலை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

வலையின் ஒரு பகுதியை இடது முழங்கையில் போட்டிருந்தார், ஒரு பகுதி வலது கையில். ஈயமணி கோத்த ஓரம் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் தொங்கியது. முதலில் உடம்பைப் பின்பக்கம் திருப்பினார். வலையும் கையும் பின்னுக்கே நின்றன. அப்படி நிற்கும்போதே இடுப்பு முன்னுக்குத் திரும்பத் தொடங்கிவிட்டது. அதன்பிறகு நெஞ்சு, அதன்பிறகு தோள், கடைசியில்தான் கை. வலை வட்டமாக விரிந்து விழுந்தது. பக்கத்தில் அவருடைய மகன், பன்னிரண்டு வயதிருக்கும், அதே வலையைக் கையால் மட்டும் வீசினான். மூட்டையாக விழுந்தது. தகப்பன் சொன்னது ஒரு வரி: "இடுப்பு போனாப் பிறகுதான் கை போகோணும்."

நான் ஆறு மாதமாகச் சொல்லத் தெரியாமல் தவித்தது அந்த ஒரு வரியில் இருந்தது. இடுப்பு திரும்பத் தொடங்கும்போது தோளும் கையும் இன்னும் பின்னுக்கே நிற்கவேண்டும். அந்த இழுவையில்தான் மட்டையின் வேகம் பிறக்கிறது. எல்லாம் ஒன்றாகத் திரும்பினால் கதவு திரும்புகிற மாதிரித்தான் இருக்கும், சவுக்கு வீசுகிற மாதிரி இராது.

திருக்கடலூரிலிருந்து வருகிற பெடியன் ஒருவன் எனக்கு இருக்கிறான், வீட்டில் வலைத்தொழில். இன்று அவனிடம் மட்டையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "வலை போடுற மாதிரி அடி" என்றேன். மூன்றாவது பந்து மைதானத்தின் வேலியில் பட்டது.

2024 ஜூன் 2

சின்ன விசயம், ஆனால் முக்கியம். பந்தை வைத்து அடிக்கும் கம்பத்தை எங்கே நடுகிறீர்கள்? பிளேட்டின் நடுவில் வைத்தால் பிள்ளை தன் வயிற்றுக்கு நேரே பந்தை அடித்துப் பழகும். நடுவில் வருகிற பந்தை முன்காலுக்கு நேராக அல்லது அதற்குக் கொஞ்சம் முன்னால் சந்திக்கவேண்டும். உடம்புக்குக் கிட்ட வருகிற பந்தை இன்னும் முன்னால், வெளியே போகிற பந்தைச் சற்றுப் பின்னால். கம்பம் அசையாது, பிள்ளையின் கால் நிற்கும் இடத்தை மாற்றுங்கள்.

எங்கள் கம்பம் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய். அடியில் சீமெந்து ஊற்றிய பழைய பெயின்ற் வாளி, நுனியில் சைக்கிள் ரியூப் துண்டு. செலவு குறைவு. நல்லாய் நிற்கிறது.

2024 ஜூன் 9

மே 18 இலும் 26 இலும் எழுதியதைத் திரும்பிப் படித்தேன். எல்லாம் சரிதான், ஆனால் அதற்கு முன்னே ஒரு வருடமாக நான் பழக்கிவந்த ஒரு பிழையை அங்கே சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் உங்களில் பலரும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

"பின்காலால் கரப்பான் பூச்சியை நசுக்கு." வெளிநாட்டுக் காணொளிகளில் கேட்டது. அடிக்கும்போது பின்பாதத்தின் முன்பகுதியை ஊன்றித் திருகினால் இடுப்பு திரும்பும் என்பது எண்ணம். பிள்ளைகளுக்கு நல்லாய்ப் பிடித்துப்போனது. ஒவ்வொருவனும் கரப்பானை நசுக்கிக் காட்டுவான், நசுக்கியபின் கீழே பார்ப்பான்.

போன கிழமை மைதானம் கிடைக்கவில்லை. ஒரு கால்பந்துப் போட்டி. ஆகவே டச் பே கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். ஈர மணலில், கம்பத்தை வைத்து அடித்தோம். அடித்துவிட்டுப் பிள்ளைகள் விலகியபின் மணலைப் பார்த்தேன்.

பின்கால் நின்ற இடத்தில் ஒரு குழி. திருகாணி இறங்கின மாதிரி வட்டமாக, நாலு விரல் ஆழம். முன்கால் நின்ற இடத்தில் தடமே மங்கல். ஒன்பது பிள்ளைகளுக்கும் அப்படியே. பாரம் முழுவதும் பின்காலிலேயே இருந்து, அங்கேயே சுழன்றிருக்கிறது. முன்னுக்கு ஒன்றும் வரவில்லை. அடி ஏன் பலமில்லாமல் போகிறது என்று இவ்வளவு நாளும் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், விடை காலடியில் கிடந்திருக்கிறது.

திருக்கடலூர்ப் பெடியனின் தடத்தை மட்டும் தனியாகப் பார்த்தேன். முன்காலின் தடம் ஆழம், குதிக்கால் நல்லாய்ப் பதிந்திருந்தது. பின்காலில் குழி இல்லை. பெருவிரல் முன்னுக்கு இழுபட்ட ஒரு கோடு, ஒரு சாண் நீளம். பாரம் முன்னுக்கு வந்து, முன்கால் தடுத்து, இடுப்பு சுழன்று, பின்கால் பாரமில்லாமல் இழுபட்டு வந்திருக்கிறது. பெரிய ஆட்டக்காரர்களின் படத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், பந்து படும் நேரத்தில் பலருக்குப் பின்பாதம் நிலத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்.

அன்றிலிருந்து கரப்பான் இல்லை. மணலில் அடித்து, தடத்தைத் தாங்களே பார்க்கச் சொல்கிறேன். "குழி வெட்டாதை, கோடு கீறு." அவ்வளவுதான் சொல்வது. உங்களுக்குக் கடற்கரை தூரம் என்றால் பாயும் நீளக் குழியின் மணல் போதும், பள்ளிக்கூடத்தில் இருக்கும்தானே.

2024 ஜூன் 15

கச்சான் காற்று, தென்மேற்குக் காற்று, தொடங்கிவிட்டது. கம்பத்தில் வைத்த பிளாஸ்டிக் பந்து நிற்கவில்லை. கடதாசியை உருட்டிப் பசைநாடா சுற்றிய பந்தும் பறக்கிறது. பழைய காலுறைக்குள் மணல் கொஞ்சம் போட்டுக் கட்டினோம், நின்றது.

கிண்ணியாவிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார், மட்டையே இல்லை என்ன செய்வது என்று. தும்புத்தடியும் தண்ணீர்ப் போத்தல் மூடியும் போதும் தங்கச்சி. டொமினிக்கன் குடியரசில் பிள்ளைகள் தெருவில் அப்படித்தான் ஆடுகிறார்கள், விற்றில்லா என்று அதற்குப் பெயரே இருக்கிறது. பெரிய தண்ணீர்க் கலன் மூடியை எறிவார்கள், அது காற்றில் வளைந்து வளைந்து வரும். மெல்லிய தடியால் மூடியை அடிக்கப் பழகிய கண்ணுக்குப் பந்து தேங்காய் மாதிரித் தெரியும்.

2024 ஜூன் 29

மே 18 இல் "வெட்டச் சொல்லாதீர்கள்" என்று அடித்துச் சொன்னேன். அதைப் பாதி திருப்பி வாங்குகிறேன்.

என்னிடம் ஒரு பிள்ளை, பதினொரு வயது, சாம்பல்தீவிலிருந்து தகப்பனோடு மோட்டார் சைக்கிளில் வருகிறாள். நல்ல கண், நல்ல கால். ஆனால் அடிக்கத் தொடங்கியதும் பின்தோள் விழுந்துவிடும். மட்டையின் தலை இடுப்புக்குக் கீழே போய், அங்கிருந்து பந்தை அள்ளப் பார்க்கும். கிணற்றில் தண்ணீர் மொள்ளுகிற மாதிரி. பந்து ஒவ்வொரு முறையும் மட்டைக்கு மேலே போகும். படுவதெல்லாம் தலைக்கு மேலே கிளம்பி, பிடிப்பவரின் கையில் விழும்.

நான் அவளுக்கு என்னவெல்லாம் சொன்னேன்? தோளை நேராய் வை என்றேன். முழங்கையை உயர்த்து என்றேன். பந்தின் கோட்டில் போ என்றேன். மூன்று கிழமை. ஒன்றும் நடக்கவில்லை. அவள் முகத்தில் சிரிப்பு மட்டும் குறைந்தது. கடைசியில் மனசு கேளாமல் சொன்னேன்: "மேலையிருந்து கீழை வெட்டு பிள்ளை. விறகு கொத்துற மாதிரி." முதல் பந்து நேர்கோட்டில் பறந்தது.

கைப்பேசியில் மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். அவளுடைய மட்டை வெட்டவே இல்லை. தோளிலிருந்து இறங்கி, பந்துக்குக் கொஞ்சம் முன்னே தட்டையாகி, பந்து படும்போது சற்றே ஏறிக்கொண்டிருந்தது. நான் காலமெல்லாம் கேட்ட வீச்சு. அவளுக்கு உள்ளே கேட்டது "வெட்டு", வெளியே நடந்தது வேறு.

ஆகவே தம்பி, உங்கள் பட்டறையில் சொன்னவரை நான் மே மாதம் நினைத்த அளவுக்குக் குறை சொல்ல முடியாது. ஜப்பானில் மேலிருந்து வீசு என்று நெடுங்காலம் பழக்கினார்கள். 868 ஹோம் ரன் (அடித்தவர் எல்லாத் தளத்தையும் சுற்றி வந்துவிடும் பெரிய அடி) அடித்த சதாஹாரு ஓ, தொங்கவிட்ட கடதாசியை ஜப்பானிய வாளால் வெட்டிப் பழகினவர். ஒரு காலில் கொக்கு மாதிரி நின்று அடிப்பார். இலங்கையில் பேஸ்போல் வளர்ந்ததில் ஜப்பானியத் தொண்டர்களின் கை பெரிது, தியகமவில் இருக்கும் மைதானத்தின் பெயரிலேயே ஜப்பான் இருக்கிறது. அந்தச் சொல் அந்த வழியாக நம்மிடம் வந்திருக்கலாம். அள்ளுகிற பிள்ளைக்கு அது மருந்து. உங்கள் பதினாறு பேரும் அள்ளுகிறவர்கள் இல்லையே. துடுப்பை நேராக இறக்கப் பழகிய பிள்ளைகளுக்கு அதே மருந்தைக் கொடுத்தபடியால்தான் பந்து உருளுகிறது.

மட்டை எப்படிப் போகவேண்டும் என்பது எனக்கும் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளையின் காதில் என்ன விழவேண்டும் என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு.

2024 ஜூலை 13

இன்று எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. போன செவ்வாய் பயிற்சியில் ஒரு பிள்ளைக்கு அடிபட்டுவிட்டது. அடிப்பவனுக்குப் பின்னால், தன் முறைக்குக் காத்துநின்ற தம்பி, இரண்டு எட்டு முன்னுக்கு வந்திருக்கிறான். மட்டையின் நுனி அவன் முழங்கால் சிப்பிக்குக் கீழே பட்டது. எலும்பு உடையவில்லை. வீக்கம், நாலு நாள் நொண்டினான். தாயிடம் போய்ச் சொன்னேன். அவ ஒன்றும் ஏசவில்லை. "முகத்திலை பட்டிருந்தா?" என்று மட்டும் கேட்டா. அந்தக் கேள்வி நாலு நாளாக என்னோடு இருக்கிறது.

அன்றிரவே தும்புக் கயிறு வாங்கினேன். அடிக்கும் இடத்தைச் சுற்றி, மட்டையைக் கை நீட்டிப் பிடித்தால் எட்டும் தூரத்தைப்போல இரண்டு மடங்கு ஆரத்தில் வட்டம். கயிற்றுக்குள் ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு மட்டை. காத்திருப்பவர்கள் மட்டையைத் தொடவே கூடாது, வரிசை வேலியோரம். எறிந்த பந்தை அடிக்கும்போது தலைக்கவசம் இல்லாமல் ஒருவரும் இல்லை. என்னிடம் இருப்பது இரண்டு, ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குமேல் அடிப்பதில்லை. பயிற்சி மெதுவாகத்தான் போகிறது, போகட்டும்.

பாரமான மட்டையும் இதற்கு ஒரு காரணம். அவன் கையில் இருந்தது பெரியவரின் மட்டை, வீச்சை நிறுத்த அவனுக்குப் பலமில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு 28, 29 அங்குலம் போதும். பிள்ளை ஒரு கையால் மட்டையைப் பிடித்துத் தோளுக்கு நேரே பக்கவாட்டில் நீட்டட்டும். இருபது எண்ணுவதற்குள் கை தாழ்ந்தால் அந்த மட்டை அவனுக்குக் கூடிய பாரம். வேறு மட்டை இல்லாவிட்டால் பிடியை இரண்டு அங்குலம் மேலே ஏற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள். பாரம் கூடினால் அடி பலமாகும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். வேகம் போனபிறகு பாரத்தால் பலன் இல்லை. அமெரிக்கப் பெரிய லீக்கில் மட்டை வேகத்தை இந்த மே மாதம் எல்லாரும் பார்க்க வெளியிட்டார்கள், சராசரி மணிக்கு 72 மைல் அளவில். பிள்ளைகளிடம் அதைச் சொன்னேன். "சேர், எங்கடை எவ்வளவு?" என்று கேட்டார்கள். அளக்கக் கருவி இல்லை. காதால் கேட்கச் சொன்னேன். தும்புத்தடியை வெறுங்காற்றில் வீசினால் "ஸ்ஸ்" என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் முன்காலுக்கு முன்னே வரவேண்டும். தோளுக்குப் பின்னால் கேட்டால் வேகத்தை அங்கேயே செலவழித்துவிட்டீர்கள்.

2024 ஓகஸ்ட் 4

ஆடி அமாவாசை. பிள்ளைகள் இல்லை, பயிற்சியும் இல்லை. அப்பாவுக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

நம் நாட்டு ஆட்டமான எல்லேயைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். எல்லே ஆடிய பிள்ளை கிடைத்தால் விடாதீர்கள். இரண்டு கையாலும் பக்கவாட்டில் முழு உடம்போடு வீசிப் பழகினவர்கள், மூங்கில் கோல் உருண்டையானது, மூன்று வாய்ப்புக்குள் அடித்தாக வேண்டும் என்ற மனமும் இருக்கும். என்னிடம் எல்லேயிலிருந்து வந்த இரண்டு பெண் பிள்ளைகள் முதல் நாளே பந்தைத் தூர அடித்தார்கள். அவர்களுக்குக் கஷ்டம் வேறு இடத்தில்: எந்தப் பந்தை அடிக்காமல் விடுவது. வருகிற எல்லாவற்றுக்கும் வீசுவார்கள். முழங்காலுக்குக் கீழே போவதையும், நெஞ்சுக்கு மேலே வருவதையும் விடப் பழக்கவேண்டும். இதில் கிரிக்கெட் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், விடத் தெரிந்தவர்கள்.

இடதுகை, வலதுகைக் கேள்விக்குச் சுருக்கமாக: கிரிக்கெட்டில் எந்தப் பக்கம் நிற்கிறானோ அந்தப் பக்கமே விடுங்கள். ஜப்பானிய ஆட்டக்காரர் இச்சிரோ வலது கையால் எறிந்து இடது பக்கம் நின்று அடித்தவர், 2004 இல் ஒரே பருவத்தில் 262 முறை அடித்துத் தளம் சேர்ந்தார். இடது பக்கம் நிற்பவருக்கு முதல் தளமும் கிட்ட.

2024 ஓகஸ்ட் 24

கட்டை போடுகிற பெடியனைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன்.

பத்து வயது. கிரிக்கெட்டில் தொடக்க ஆட்டக்காரன், நாள் முழுக்க நின்று கட்டை போடுவானாம். பேஸ்போல் மட்டையையும் பந்துக்கு முன்னே வைத்துத் தடுத்துவிட்டு நிற்பான். பந்து காலடியில் விழும். இடுப்பைப் பற்றிப் பேசினேன், வலையைப் பற்றிப் பேசினேன், மணலில் தடம் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான், அடுத்த பந்துக்கும் கட்டைதான்.

நேற்றுப் பயிற்சி முடிந்து எல்லாரும் போனபின் அவன் மட்டும் நின்றான், அண்ணன் வந்து ஏற்றவேண்டும். ஏன் வீசாமல் நிற்கிறாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அடிச்சுப் படாட்டி எல்லாரும் பாப்பினம் சேர்" என்றான்.

நான் இவ்வளவு நாளும் அவன் உடம்பைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

பத்துப் பந்து எறிந்தேன். அதற்கு முன் ஒரு சட்டம்: பந்தில் பட்டால் புள்ளி இல்லை. முழுதாக வீசி, வீச்சு முடிய மட்டை முதுகைத் தொட்டால் ஒரு புள்ளி. முதல் மூன்றும் காற்று. நாலாவதில் சிரித்தான். ஏழாவது பந்து எனக்கு மேலால் போனது, நான் குனிந்தேன். அண்ணன் வந்து ஹோர்ன் அடித்ததையும் கவனிக்கவில்லை. பத்துக்கு ஒன்பது புள்ளி.

மே மாதம் 12 பாகை என்று கணக்குப் போட்டு எழுதியது பிழையில்லை. ஆனால் அன்று உங்களிடம் முதலில் கேட்டிருக்கவேண்டியது வேறு: பதினாறு பேரில் எத்தனை பேர் முழுப் பலத்தோடு வீசுகிறார்கள்? அதைப் பார்த்து எழுதுங்கள் தம்பி.

2024 ஓகஸ்ட் 31

பாலையூற்றுத் தம்பி எழுதியிருக்கிறார்: பதினாறில் ஐந்து. மற்றவர்கள் படவேண்டுமே என்று மெதுவாகத் தொடுகிறார்களாம். "வெட்டு" என்பதை நிறுத்திவிட்டு, மட்டை முதுகைத் தொடும் சட்டத்தை இரண்டு கிழமைக்கு வைக்கப்போகிறார். நல்லது. இரண்டு கிழமையும் பாதை, பாகை ஒன்றையும் வாயில் எடுக்கவேண்டாம். வீசத் துணிந்த பிள்ளையின் பாதையைப் பிறகு திருத்தலாம்.

2024 செப்டெம்பர் 20

நாளை வாக்களிப்பு, பள்ளிக்கூடங்கள் எல்லாம் நிலையங்கள். பயிற்சி இல்லை. ஆனால் இன்று காலை தொடக்கம் என் கைப்பேசி ஓயவில்லை. அமெரிக்கப் பெரிய லீக்கில் ஆடும் ஜப்பானியர் ஷோஹெய் ஒஹ்தானி ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் அடித்து, ஒரே பருவத்தில் 50 ஹோம் ரன்னும் 50 களவுத் தளமும் (யாரும் அடிக்காமலே ஓடிப் பிடித்த அடுத்த தளம்) எடுத்த முதல் ஆளாகிவிட்டார். அதோடு நிற்காமல் அந்த ஆட்டத்தை 51, 51 என்று முடித்தார். ஆறு முறை போய் ஆறு முறையும் அடி. பிள்ளைகள் காணொளியை ஒருவர் மாறி ஒருவர் அனுப்புகிறார்கள்.

சாம்பல்தீவுப் பிள்ளை தகப்பனின் கைப்பேசியிலிருந்து ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "சேர், அவர் காலைத் தூக்கிறேல்லை. பெருவிரல் நுனியை ஊண்டி முழங்காலை உள்ளுக்குத் திருப்பிறார். பிறகு குதிக்காலை வைக்கிறார். அப்பதான் இடுப்பு போகுது. நானும் அப்பிடிச் செய்யவோ?"

மூன்று தரம் கேட்டேன். 2018 இல் அமெரிக்கா போன புதிதில் அவர் காலை உயர்த்துவதை விட்டு இப்படி மாற்றிக்கொண்டார் என்பது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது, தானே பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறாள். குதிக்கால் வைத்தபிறகுதான் இடுப்பு போகிறது என்பதையும்.

செய்து பார் பிள்ளை, மணலில் செய், தடத்தைப் படம் எடுத்து அனுப்பு என்று பதில் போட்டேன். பின்னேரம் படம் வந்தது. நிலாவெளிக் கடற்கரையாக இருக்கவேண்டும். முன்காலில் பெருவிரல் குத்திய சின்னப் பள்ளம், அதற்குப் பின்னால் ஆழமாகக் குதிக்கால். பின்காலில் கோடு ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. பக்கத்தில் நாய் நடந்த தடமும் இருந்தது.

ஞாயிறு மைதானம் திறந்தால் அவளுக்குக் கம்பத்தை நாலு விரல் முன்னே வைக்கப் பார்க்கிறேன். கட்டை போடுகிற பெடியனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான், இந்த முறை தன் தும்புத்தடியோடு.